உறையின் ஓரம்

நோய் உண்டு என்று சொல்லும் காகிதத்தோடு வீடு திரும்புகிறவனுக்கு இந்த உலகம் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. உறவினர் வந்து உட்காருவர், ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவர், தெய்வங்களுக்கு நேர்ந்துகொள்வர், பணத்துக்கு வழி தேடுவர். நோய் இல்லை என்று சொல்லும் காகிதத்துக்கும் இடம் உண்டு. அன்று மாலையே அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்ச் சேரும். இவ்விரண்டுக்கும் நடுவே, உண்டென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல், அத்துறையில் பல வருஷம் பழகிய ஒருவர் தம் கையொப்பமிட்டு, நிச்சயமாகக் கூற இயலவில்லை என்று எழுதித் தரும் மூன்றாவது காகிதம் ஒன்று இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்பதுதான் சில காலமாக என்னை விடாமல் அலைக்கழித்துவரும் சஞ்சலம். அந்தக் காகிதம் என் தமக்கையினுடையது. பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். பிள்ளைகளின் விடைத்தாளில் அரைகுறையாக எழுதிய பதிலுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்ற சங்கடத்தை வாழ்நாளெல்லாம் பார்த்தவள். ஆதலால் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த பரிசோதனையின் முடிவு 'பெதெஸ்டா மூன்று' என்று வந்தபோது அவள் பெரிதாகக் கலங்கவில்லை. இந்த வகுப்பில் விழுகிறவர்களில் 100-க்கு 22 பேருக்குப் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று வைத்தியர் சொன்னதையும், மளிகைக் கடைக்காரர் விலை சொல்லக் கேட்பவளின் முகத்தோடு கேட்டுக்கொண்டாள். கலங்கியது நான். அந்த 22 என்பது என்ன, யாருடையது, அது எங்கிருந்து வந்து என் அக்காவின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு குடியிருக்கிறது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை இருபுறமும் தழுவிக்கொண்டு கிடக்கும் தைராய்டுச் சுரப்பியில் கட்டி இருப்பது அபூர்வமான சங்கதி அன்று. வைத்தியர் நோயாளியின் பின்னால் நின்று, இரு கை விரல்களையும் முன்கழுத்தில் லேசாக வைத்துக்கொண்டு, "ஒரு மடக்குத் தண்ணி முழுங்குங்கம்மா" என்பார். விழுங்கும்போது சுரப்பி மேலேறி இறங்கும். அதனோடு சேர்ந்து ஏறி இறங்குவது எதுவோ அது சுரப்பியைச் சேர்ந்தது என்று விரல் தானாக அறிந்துகொள்ளும். அயோடின் குறைவில்லாத இடங்களில் இந்த விரல் பரிசோதனைக்குப் பெண்களில் 100-க்கு 5 பேரிடமும் ஆண்களில் ஒருவரிடமும் கட்டி அகப்படும் என்பது பழைய கணக்கு. ஒலியலைக் கருவியைக் கொண்டு தேடினாலோ 100-க்கு 19 பேர் முதல் 68 பேர் வரையில் ஏதாவதொரு கட்டி தென்படுகிறது. கருவி கூர்மையாக ஆக ஆக, கட்டியில்லாத கழுத்துத்தான் விதிவிலக்கு என்று சொல்லும்படியான நிலை வந்துவிடுமோ என்று தோன்றுகிறது. அக்காவின் கட்டியும் தேடிக் கண்டதன்று. பிடரி வலிக்காக எதையோ பார்க்கப்போன ஸ்கேனில், கேட்காத கேள்விக்கு விடையாக, 1.8 சென்டிமீட்டர் அளவில் அது வந்து நின்றது. ஸ்கேன் எடுப்பவருக்கென்று ஒரு லட்சண சாஸ்திரம் உண்டு. கட்டி திடமானதா, நீர் கோத்ததா. சுற்றியுள்ள தசையைவிடக் கறுத்திருக்கிறதா. அகலத்தைவிட உயரம் மிஞ்சி நிற்கிறதா. விளிம்பு வழுவழுப்பா, பிசிறா. உள்ளே சுண்ணாம்பின் வெண்புள்ளிகள் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, கூட்டுத்தொகையும் கட்டியின் அளவும் சேர்ந்து எந்த எல்லையைத் தாண்டினால் ஊசி போடலாம் என்று அமெரிக்க ரேடியாலஜிக் கல்லூரி 2017-இல் ஒரு திட்டம் வகுத்துத் தந்திருக்கிறது. மிகப் பொல்லாத லட்சணமுள்ள கட்டியாயினும் 1 சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் பொதுவாக அதைக் குத்த வேண்டாம் என்று அத்திட்டம் சொல்வதில் உள்ள விவேகம் பலருக்குப் புரிவதில்லை. சிறியதைக் கண்டால் உடனே குத்திப் பார்ப்பதுதானே ஜாக்கிரதை என்று கேட்கிறோம். அக்காவின் கட்டி திடமானது, சற்றுக் கறுத்தது, விளிம்பு ஒழுங்கானது. புள்ளிக் கணக்கு அவளை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டது.

ஊசி போடும் காரியத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தோளுக்கடியில் தலையணை வைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்கவைத்து, குளிர்ந்த களிம்பைத் தடவி, திரையில் கட்டியைப் பிடித்துக்கொண்டு, இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியொன்றைக் குத்தி, உள்ளேயே சில தடவை முன்னும் பின்னும் அசைத்து எடுத்தார்கள். "முழுங்காதீங்க, பேசாதீங்க" என்றார் வைத்தியர். ஊசியின் முனையிலிருந்து கண்ணாடித் தகட்டின்மேல் விழுந்தது, சிவப்பேறிய ஒரே ஒரு துளி. இன்னொரு தகட்டை அதன்மேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்ததும் துளி படலமாயிற்று. ஒரு தகடு காற்றில் உலர, மற்றொன்று ஆல்கஹாலில் மூழ்கியது. பிறகு சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால், அந்தத் துளியில் இருந்த உயிரணுக்கள் நீலமும் ஊதாவுமாக எழுந்து நிற்கும். தைராய்டுப் புற்றுநோய்களில் மிகுதியாக வருவதான பாப்பில்லரி வகை தன்னை உயிரணுவின் கருவிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வெளிறிய கரு, அதில் நீளவாட்டில் ஒரு மடிப்புக் கோடு, நடுவே குழி விழுந்தது போன்ற ஓர் உட்பொதிவு. இவை மூன்றும் ஒருங்கே கூடிவிட்டால் பழகிய கண்ணுக்கு ஐயமில்லை. ஆனால் ஃபாலிக்குலர் என்னும் இன்னொரு வகை இருக்கிறது. அதில் சாதுவான கட்டியின் உயிரணுவும் பொல்லாத கட்டியின் உயிரணுவும் தோற்றத்தில் ஒன்றே. இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்றால், கட்டியைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில். அந்த உறையை உயிரணுக்கள் துளைத்துக்கொண்டு வெளியேறியிருந்தால், அல்லது அங்குள்ள இரத்தக் குழாய்க்குள் புகுந்திருந்தால் அது புற்றுநோய். அடங்கிக் கிடந்தால் அன்று. குற்றத்தின் சாட்சியமெல்லாம் எல்லைச் சுவரில் இருக்க, ஊசியோ அறைக்குள்ளிருந்து ஒரு கைப்பிடியை அள்ளி வருகிறது. எத்தனை கூர்மையான கண்ணானாலும், எத்தனை விலையுயர்ந்த மைக்ராஸ்கோப்பானாலும், வராத சாட்சியை விசாரிக்க முடியாது. 'இயலவில்லை' என்ற வாசகத்தை முதலில் படித்தபோது அதை யாருடைய சோம்பலோ என்று நினைக்கத் தோன்றுவது இயல்பு. அந்தத் துளியைப் பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டு, "குற்றியோ மகனோன்னு படிச்சோமே, அதுதாண்டா இது" என்றாள். மங்கிய மாலை வெளிச்சத்தில் தூரத்தில் நிற்பது நட்ட கட்டையா, ஆள்தானா என்று ஐயுறும் அந்தப் பழைய உதாரணம் நியாய சாஸ்திரக்காரருக்கும் உண்டு, நம் இலக்கண உரைகாரருக்கும் உண்டு. அப்படி ஐயுற்றபோது எப்படிப் பேசவேண்டும் என்பதற்குத் தொல்காப்பியர் விதியே செய்துவைத்திருக்கிறார். ஐயம் தீர்வதற்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசிவிடாமல், இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுமாம். நோய்க்கூறு வல்லுநர்கள் 2007-இல் அமெரிக்காவின் மேரிலாண்டிலுள்ள பெதெஸ்டாவில் கூடி விவாதித்து, பின்பு நூலாக வெளியிட்ட ஆறு வகுப்புத் திட்டத்தின் மூன்றாவதும் நான்காவதும் அத்தகைய பொதுச்சொற்கள்தாம் என்று எண்ணிக்கொள்கிறேன். அதற்கு முன் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் சந்தேகத்தைத் தனக்குத் தோன்றிய சொல்லில் எழுதிக்கொண்டிருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறாகப் புரிந்துகொண்டு கத்தியை எடுத்தார். சந்தேகத்துக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது நல்ல காரியந்தான். ஆனாலும் அக்காவின் உதாரணம் ஓர் இடத்தில் பொருந்தாமல் போகிறது. கட்டையா ஆளா என்று தெரியாவிட்டால் பத்தடி நடந்து கிட்டே போய்ப் பார்க்கலாம். பார்ப்பதனால் கட்டைக்கும் நஷ்டமில்லை, ஆளுக்கும் நஷ்டமில்லை. இங்கே கிட்டே போவது என்றால் கழுத்தை அறுத்துச் சுரப்பியின் ஒரு பாதியைக் கட்டியோடு வெளியே எடுத்து, உறையின் சுற்றளவு முழுவதையும் சீவிப் பார்ப்பது என்று அர்த்தம். எடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை, எடுத்த பிறகுதான் கிடைக்கிறது.

எடுப்பதன் விலை என்ன என்பதைச் சிலர் மிகைப்படுத்துகிறார்கள், சிலர் ஒன்றுமேயில்லை என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துத் தியோடோர் கோஹர் காலத்தில், இந்த ரணசிகிச்சையில் உயிர் பிழைப்பதே பெரிது என்றிருந்த நிலையை அவர் தம் கைத்திறத்தால் மாற்றினார். அவரே 1883-இல், சுரப்பி முழுவதையும் எடுத்த தம் நோயாளிகள் மந்தமாகி, வீங்கி, புத்தி தேய்ந்துபோனதைக் கண்டு எழுதி, சுரப்பியின் அருமையை உலகுக்கு உணர்த்தினார். 1909-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று அந்தக் குறையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் ஒரு சிறு மாத்திரை நிரப்பிவிடுகிறது. பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தவர்களில் பலருக்கு அதுவும் வேண்டியிருப்பதில்லை. ஆனால் சுரப்பியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போகும் குரல் நரம்பு ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும், அரிசிப் பருக்கையளவே ஆன பாராதைராய்டுச் சுரப்பிகள் அங்கேயே மறைந்து கிடக்கின்றன. அமெலிட்டா கால்லி-குர்ச்சி என்னும் புகழ்பெற்ற பாடகிக்கு 1935-இல் சிகாகோவில் கழலை அறுக்கப்பட்டது. அவர் குரலின் உச்சஸ்தாயி அன்றோடு போயிற்று என்று ரணசிகிச்சை மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்கிறார்கள். அது உண்மையில் அந்த அறுவையால் போயிற்றா என்று பிற்காலத்தில் சிலர் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார்கள். கதை மெய்யோ பொய்யோ, அதைச் சொல்லித்தான் கத்தி பிடிக்கிறவர்களின் கையை மெதுவாக்குகிறார்கள். என் அக்கா பாடகி அல்லள். ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய்ச் சேரும் குரலை வைத்துக்கொண்டு வாழ்ந்தவள். இன்றும் கோயிலில் தேவாரம் சொல்லுகிறாள்.

மூன்றாம் வகுப்பின் சந்தேகம் நான்காம் வகுப்பின் சந்தேகத்தைவிடச் சற்று வேறு ஜாதி. நான்காவதில் பார்ப்பவருக்கு ஓர் உருவம் தெரிகிறது. ஃபாலிக்குலர் கட்டிதான், ஆனால் எல்லை தெரியவில்லை என்கிறார். மூன்றாவதில் உருவமே கலங்கலாக இருக்கிறது. துளியில் இரத்தம் மிகுந்திருக்கலாம், உயிரணுக்கள் போதாமல் இருக்கலாம், தகடு உலர்ந்த விதம் சரியில்லாதிருக்கலாம், அல்லது பத்து உயிரணுக்களில் இரண்டின் கரு மட்டும் சற்று வெளிறித் தொந்தரவு செய்யலாம். அந்த இரண்டைக் கண்டும் காணாமல் 'சாது' என்று எழுதிவிட்டுப் போகிறவரைவிட, கண்டதைக் கண்டபடி எழுதுகிறவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் அந்த மரியாதைக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. ஒரே தகடுகளை உள்ளூர் வல்லுநரும், மத்தியக் குழுவின் வல்லுநர்களும் தனித்தனியே பார்த்தபோது அபிப்பிராயம் ஒத்துப்போனது 100-க்கு 64 தடவைதான். அதே வல்லுநர் அதே தகட்டை மறுபடி பார்த்தபோதுகூட அவருடைய முந்தைய அபிப்பிராயத்தோடு அவரே ஒத்துப்போனது முக்கால் பங்குதான். அறுத்தெடுத்த கட்டியை நேரே பார்க்கும்போதோ ஒத்திசைவு 100-க்கு 90-ஐத் தாண்டியது. ஆகவே இந்த வகுப்பின் எண்ணில் கட்டியின் குணம் கொஞ்சம் இருக்கிறது, பார்த்தவரின் சுபாவமும் கொஞ்சம் இருக்கிறது. பயந்த சுபாவமுள்ளவரின் மேஜையில் மூன்றுகள் மிகும், துணிந்தவரின் மேஜையில் குறையும். சில மாதம் பொறுத்து மறுபடி குத்தினால் பலருக்கு அது இரண்டாம் வகுப்புக்கு, அதாவது சாதுவென்று இறங்கிவிடுவதும் இதனால்தான்.

இனி அந்த 22. பெதெஸ்டாத் திட்டம் முதலில் வெளியானபோது மூன்றாம் வகுப்புக்குக் குறித்திருந்த அபாயம் 100-க்கு 5 முதல் 15 வரையில். 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சராசரி 22, வீச்சு 13 முதல் 30. இடையிலுள்ள வருஷங்களில் மனிதர்களின் கழுத்து மாறிவிடவில்லை. மாறியது கணக்கெடுக்கும் விதம், கணக்கில் சேர்த்தவர்கள் யார் என்பது. இந்த இடத்தில்தான் என் சஞ்சலம் வேர்கொண்டிருக்கிறது. கட்டி புற்றா அன்றா என்பது அறுத்தவர்களுக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும். எனவே பெரும்பாலான ஆய்வுகளில் விகிதத்தின் கீழ்த்தொகை அறுத்தவர்களின் தொகை. யாரை அறுத்தார்கள்? ஸ்கேனில் முகம் கோணியவை, வேகமாக வளர்ந்தவை, குடும்பத்தில் நோயுள்ளவை, நோயாளியின் பயத்தால் வற்புறுத்தப்பட்டவை. சாதுவாகத் தோன்றிய கட்டிகளை வைத்தியர்கள் அறுக்கவில்லை. அறுக்காததனால் அவை கணக்குக்கு வரவில்லை. வைத்தியருடைய விவேகம் கூடக்கூட, அறுக்கப்படுபவர்களில் புற்று உள்ளவர்களின் பங்கு கூடும். அப்போது அச்சிட்ட எண் ஏறும். ஏறிய எண்ணைக் கண்டு அடுத்த நோயாளி அதிகம் பயப்படுவாள். ஒருவர் நிதானித்ததன் பலனை இன்னொருவர் பயமாக அனுபவிக்கிறார் என்பது விபரீதமல்லவா? இந்தக் குறை வல்லுநர்களுக்குத் தெரியாததன்று. அவர்களுடைய நூல்களிலேயே இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் எண், எச்சரிக்கையைத் தன்னோடு எடுத்துக்கொண்டு பிரயாணம் செய்வதில்லை. நூலிலிருந்து அட்டவணைக்கு, அட்டவணையிலிருந்து ரிப்போர்ட்டின் அடிக்குறிப்புக்கு, அங்கிருந்து வைத்தியரின் வாய்க்கு, அங்கிருந்து என் அக்காவின் காதுக்கு வரும்போது வெறும் 22 மட்டும் வந்து சேர்கிறது. அதோடு ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அது வேறுபடும் என்பதும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

எண் சரியானதே என்று வைத்துக்கொண்டாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. எதன் அபாயம்? 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் மரணத்துக்கு ஓடிவிடுகிறது; தைராய்டில் அந்த ஓட்டத்துக்கு ஆதாரம் பல சமயம் குறைவு. ஃபின்லாந்தில் 1985-இல் ஹராக்கும் அவருடைய சகாக்களும், வேறு காரணங்களால் இறந்த 101 பேருடைய தைராய்டுகளை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தபோது, 100-க்கு 35-க்கும் மேற்பட்டவர்களிடம் மிகச் சிறிய பாப்பில்லரிப் புற்று இருந்தது. உயிரோடிருந்தபோது அவர்களில் யாருக்கும் அது தெரியாது. இதைச் சாதாரண நிலையாகவே கருதலாம் என்று எழுதினார்கள். அந்த உண்மையை மறந்த ஒரு தேசம் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டிற்று. அங்கே 1999-இல் அரசாங்கம் வேறு புற்றுநோய்களுக்காகப் பொதுப் பரிசோதனைத் திட்டம் தொடங்க, தைராய்டு ஸ்கேனைச் சிறு தொகைக்கு உபரியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்; 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் 1993-ஐப் போல 15 மடங்காயிற்று; அந்த ஒரே வருஷத்தில் 40,000-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் சொல்லப்பட்டது. அதனால் இறந்தவர்களின் விகிதமோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறுவை செய்துகொண்டவர்களில் 15,000-க்கு மேற்பட்டோரின் இன்ஷூரன்ஸ் கணக்கைப் பார்த்ததில் 100-க்கு 11 பேருக்குப் பாராதைராய்டு கெட்டிருந்தது, 2 பேருக்குக் குரல் நாண் செயலிழந்திருந்தது. 2014-இல் அங்குள்ள வைத்தியர்கள் சிலர் பகிரங்கமாகக் கடிதம் எழுதி, அறிகுறி இல்லாதவர்களுக்கு ஸ்கேன் வேண்டாம் என்றார்கள். வருஷத்துக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரத்துப் பதிவேடு பெண்களின் தைராய்டுப் புற்றுநோயை இந்தியாவின் மற்றப் பல ஊர்களைவிட மிகுதியாகக் காட்டுவதைப் பார்க்கும்போதும், நோய் மிகுதியா, தேடுதல் மிகுதியா என்று கேட்கத் தோன்றுகிறது. விடை இரண்டும் கலந்ததாக இருக்கலாம்.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா ஆஸ்பத்திரியில் அகிரா மியாவுச்சி 1993-இலேயே, 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பில்லரிப் புற்றை, புற்று என்று ஊசி நிச்சயமாகச் சொன்ன பிறகும், உடனே அறுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று யோசனை சொன்னார். அந்தக் காலத்தில் அதைச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அப்படிப் பார்த்திருக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014-இல் எழுதியபோது, பத்து வருஷத்தில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 100-க்கு 8 பேருக்கு. நிணக் கணுவுக்குப் பரவியது 4-க்கும் குறைவு. அந்த நோயால் இறந்தவர் ஒருவரும் இல்லை. வயதானவர்களிடத்தில்தான் அது மிகக் குறைவாக வளர்ந்தது என்பது, வயதாக ஆக எல்லாப் புற்றும் மூர்க்கமாகும் என்ற நம் எண்ணத்துக்கு நேர்மாறு. சொல்லே இடம் மாறிய கதையும் ஒன்று உண்டு. உறைக்குள் முழுவதும் அடங்கிய ஒரு பாப்பில்லரி வகையை ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் மறுபடி ஆராய்ந்து, அத்தகைய கட்டியுள்ள 109 பேர் 10 முதல் 26 வருஷம் வரை நோயின்றி வாழ்ந்ததைக் கண்டு, 2016-இல் அதன் பெயரிலிருந்து 'புற்று' என்பதையே நீக்கிவிட்டார்கள். முதல் நாள் இரவு புற்றுநோயாளியாகப் படுத்தவர் மறுநாள் காலையில் அப்படியில்லாமல் எழுந்தார். கட்டி அதே கட்டிதான், பலருக்கு அது முன்பே அறுத்தெறியப்பட்டும் போயிருந்தது. இங்கேயும் தீர்ப்பு உறையின் ஓரத்தில்தான் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்கிறேன். இவ்வளவையும் அடுக்கிச் சொல்லிவிட்டுத் தைராய்டுப் புற்று ஒன்றுமேயில்லை என்று நான் வாதிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தக் குழாய்க்குள் புகுந்த ஃபாலிக்குலர் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்ச் சேருவது உண்டு. அரிதான ஒரு வகை சில மாதங்களில் கொன்றுவிடுவதும் உண்டு. அந்தச் சிலரை விடாமல் பிடிக்கத்தான் இத்தனை வலை. எத்தனை பேர் அந்த வலையில் வீணாகச் சிக்குகிறார்கள் என்ற கணக்கும் அதன் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பதே என் கட்சி.

துளியிலுள்ள உயிரணுக்களின் மரபணுவை வாசித்துச் சந்தேகத்தைத் தீர்க்கும் பரிசோதனைகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றில் முதலாவதாகப் பெயர் பெற்ற அஃபிர்மாவை 2012-இல் சோதித்தபோது, உண்மையில் பொல்லாததாக இருந்த கட்டிகளில் 100-க்கு 92-ஐ அது பிடித்தது; சாதுவானவற்றிலோ பாதியைச் சற்றுத் தாண்டியே சாது என்று சரியாகச் சொல்லிற்று. பின்னர் வந்தவை இன்னும் தேறியவை. பிராஃப் மரபணுவின் குறிப்பிட்ட மாற்றம் தெரிந்தால் ஏறத்தாழ நிச்சயம். ராஸ் மரபணுவின் மாற்றமோ சாதுக் கட்டியிலும் வரும், பொல்லாததிலும் வரும். மாலை வெளிச்சம் கொஞ்சம் கூடுகிறது, விடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். அக்காவின் வைத்தியர் அந்தப் பேச்சை எடுத்து, விலையையும் சொல்லி, தாமே அதைக் கீழே வைத்துவிட்டார்.

சில மாதம் கழித்து மறுபடி ஊசி போட்டார்கள், மறுபடியும் மூன்று. வேறு வகுப்பு வந்திருந்தால் முடிவு எளிதாயிருந்திருக்கும். கட்டி வளரவில்லை. ரணசிகிச்சை நிபுணரான என் நண்பர் ஒருவர், "என் சொந்த அக்காவா இருந்தா எடுத்துடுவேன், ஒரு பக்கம்தானே, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, பேராசையும் இல்லை. தெரியாததோடு காத்திருப்பதைவிடத் தெரிந்ததோடு தழும்பைச் சுமப்பது மேல் என்று எண்ணுகிறவர் அவர், நானும் மனத்துக்குள் அவர் பக்கம்தான். அக்காவின் சுபாவம் வேறு. அவள் என்னையும் அழைத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் நான் கேட்க நினைத்து வார்த்தை கிடைக்காமல் இருந்ததைக் கேட்டாள்: "உங்க ஆஸ்பத்திரியில இந்த மூணாம் நம்பர் வந்தவங்கள்ல ஆபரேஷன் பண்ணிக்காதவங்க இப்ப எப்படி இருக்காங்க டாக்டர்?" வைத்தியர் சற்று யோசித்து, "பண்ணிக்கிட்டவங்க கணக்கு இருக்கு டீச்சர். மத்தவங்க கணக்கு யார்கிட்ட இருக்கு? நல்லா இருக்கறவங்க திரும்பி வர்றதே இல்ல" என்றார். "நான் வருஷா வருஷம் வரேன், எழுதி வச்சுக்குங்க" என்றாள் அக்கா. எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை என்பதை வழியில் சொன்னேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. வைத்தியர் நோட்டில் அளவைக் குறித்து, அடுத்த ஸ்கேனில் இரண்டு வாட்டத்திலாவது ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, குரல் கம்மினாலோ அறுவையைப் பற்றி மறுபடி பேசுவது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.